காலை எட்டரை மணி வணக்கம்: ஆட்டிசம் உடைய மூத்தோரும் அவர்களது கைபேசி நட்பும்

எங்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு அறுபத்து நான்கு வயதுடைய ஒருவரை அவருடைய மனைவி அழைத்து வந்தார். கணவர் கணக்கராக முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அந்த அம்மையார் சொன்னது இது: “வீட்டில் யாரோடும் பத்து வார்த்தை பேசமாட்டார், டாக்டர். ஆனால் காலையிலும் சாயங்காலமும் போனில் யார் யாருக்கோ எழுதிக்கொண்டே இருப்பார். அதில் ஒருத்தரைத் தவிர மற்றவங்க முகம்கூட இவருக்குத் தெரியாது. எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. மழை எவ்வளவு, பூனை என்ன செய்தது, அவ்வளவுதான். இதை எப்படியாவது நிறுத்திக் கொடுங்க.”

கணவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

அம்மையாரின் கவலையில் நியாயம் இருந்தது. ஆயினும் அவர் கேட்டபடி நாங்கள் செய்தது தவறாகிப்போயிற்று. அது எவ்வாறு தவறாயிற்று என்பதையும், இத்தகைய குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம். அவ்விருவரின் இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியே தருகிறோம்.

முதுமையிலும் ஆட்டிசமா?

ஆட்டிசம் என்றதும் நம் மனக்கண்ணில் ஒரு குழந்தைதான் தோன்றுகிறது. ஆனால் ஆட்டிசம் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடும் நோயன்று. அது பிறவியிலேயே அமைந்து வாழ்நாள் முழுவதும் உடன்வரும் மூளை வளர்ச்சி வேறுபாடு. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் பெரிதும் அறியப்பட்ட தொடக்கம். அப்பதினொருவரில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் வங்கிப் பணியாற்றி, கோல்ஃப் ஆடி, தம் ஊரார் நடுவே வாழ்ந்து, 2023ஆம் ஆண்டில் தமது 89ஆம் வயதில் காலமானார். ஆட்டிசம் உடைய குழந்தையும் ஒரு நாள் தாத்தாவாகும் வயதை அடைகிறது என்பதற்கு அவரே சான்று.

இன்று அறுபதைக் கடந்தவர்கள் பள்ளிக்குச் சென்ற காலத்தில் இந்தப் பெயரைச் சொல்லி அவர்களை அடையாளம் காண யாரும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசம் தனியொரு நோயறிதலாக இடம்பெற்றதே 1980இல்தான். பேச்சும் அறிவுத்திறனும் குறைவின்றி அமைந்தவர்களுக்கும் இவ்வியல்பு இருக்கக்கூடும் என்பதை, ‘அஸ்பெர்கர்’ என்ற பெயரில் 1994ஆம் ஆண்டுப் பதிப்பு ஏற்றுக்கொண்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இவையனைத்தையும் ஒரே நிறமாலையாகக் கொண்டது. அதுவரை இவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன: ‘ஒரு மாதிரி’, ‘அழுத்தக்காரர்’, ‘யாரோடும் ஒட்டாதவர்’. ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்பதே பலருக்குச் சொல்லப்பட்ட மருத்துவம்.

நம் கணக்கருக்கும் அப்படித்தான். அவருடைய பேரனுக்கு நான்கு வயதில் ஆட்டிசம் எனக் கண்டறியப்பட்டது. குழந்தையைப் பற்றி மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டபோது பின்னால் அமர்ந்திருந்த தாத்தா, “இதெல்லாம் எனக்கும் இருந்ததே” என்றார். பிள்ளையையோ பேரக்குழந்தையையோ முன்னிட்டுத் தம்மை அறிந்துகொள்ளும் மூத்தோர் எங்கள் துறைக்கு அவ்வப்போது வருகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆட்டிசம் அறுபது வயதில் புதிதாகத் தோன்றுவதில்லை. இதுவரை கலகலப்பாகப் பழகிவந்த ஒருவர் முதுமையில் திடீரென ஒதுங்கத் தொடங்கினால், அதை ஆட்டிசம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வு, மறதிநோய், கேட்கும் திறன் குறைதல், தைராய்டுக் குறைபாடு ஆகியவை காரணமாக இருக்கலாம். அவற்றுக்குரிய பரிசோதனை உடனே தேவை.

‘சாப்பிட்டாச்சா?’ என்னும் கேள்வி

நாம் ஒருவரை ஒருவர் சந்திக்கையில் ‘சாப்பிட்டாச்சா?’ என்கிறோம். வாசலில் கோலம் போடுபவரைப் பார்த்தே ‘என்ன, கோலம் போடுறீங்களா?’ என்கிறோம். இக்கேள்விகள் செய்தி அறிவதற்காகக் கேட்கப்படுவன அல்ல. ‘உன்னைக் கண்டேன், நமக்குள் உறவு நலமாயிருக்கிறது’ என்பதைத் தெரிவிக்கும் சொற்கள் அவை. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923ஆம் ஆண்டிலேயே, பொருளுக்காக அன்றிப் பிணைப்புக்காகவே மனிதர் பேசும் பேச்சு எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு என எழுதினார்.

ஆட்டிசம் உடையோருக்கு இச்சிறு பேச்சுதான் பெரும் சுமையாகிறது. ‘சாப்பிட்டாச்சா?’ என்றால் ஒருவர், “மூன்று இட்லி, எட்டு மணிக்கு” என்று கணக்குச் சொல்வார். மற்றொருவர், பதில் தேவைப்படாத கேள்விக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று பேசாமல் போவார். இரண்டையும் உறவினர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். நேரில் பேசும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க வேண்டும், எப்போது நாம் பேசலாம் என்பதைக் கணிக்க வேண்டும். மின்விசிறியின் ஓசையையும் தொலைக்காட்சியின் இரைச்சலையும் ஒதுக்கித் தள்ள வேண்டும். பிறர் எண்ணிப் பாராமலே செய்யும் இவற்றை இவர்கள் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிச் செய்கிறார்கள். பணிக்காலம் முழுவதும் பிறரைப் போலவே நடந்துகொள்ள முயன்று, மாலையில் வீடு திரும்பியதும் ஒரு சொல்லும் பேச இயலாமல் களைத்துக் கிடந்தவர்கள் பலர். ‘வெளியில் பேசுகிறார், வீட்டில் பேசமாட்டேன் என்கிறார்’ என்னும் மனைவியரின் நெடுநாள் வருத்தத்துக்கு இக்களைப்பு ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

எழுத்தில் ஏன் எளிதாகிறது?

கைபேசியில் எழுதிப் பேசும்போது மேற்சொன்ன சுமைகளில் பெரும்பாலானவை இறங்கிவிடுகின்றன. பார்க்க வேண்டிய முகம் இல்லை. சொன்னது அழியாமல் கண்முன் நிற்கிறது. மறுமொழிக்கு ஐந்து நிமிடமும் எடுத்துக்கொள்ளலாம், ஐந்து மணி நேரமும் எடுத்துக்கொள்ளலாம். களைத்தால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. காது மந்தமாகிவரும் வயதில் இது மேலும் ஒரு வசதி.

நம் கணக்கரின் குழுவில் ஐவர். ஐவரும் ஐம்பத்தைந்தைக் கடந்தவர்கள். ஐவருக்கும் ஆட்டிசம் உண்டு. பேரனின் பயிற்சி மையத்தில் அறிமுகமான மற்றொரு தாத்தாவின் வழியாகவே இவர் அதில் சேர்ந்தார். இவர் தம் வீட்டு மொட்டை மாடியில் மழைமானி ஒன்று வைத்திருக்கிறார். இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேர மழையளவைப் பதிவு செய்வதுபோல, இவரும் நாள்தோறும் 8.30க்கு அளந்து, “வணக்கம். 14.2 மி.மீ.” என்று எழுதுவார். மற்றோர் ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை, “இங்கே தூறல்தான். பூனை இன்று வெளியே போகவில்லை” என்பார். சுவர்க் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், தாம் பிரித்துப்போட்ட கடிகாரத்தின் படத்தை அனுப்புவார். யாரும் யாரையும் பாராட்டுவதில்லை; யாரும் ‘ஏன் பதில் போடவில்லை?’ என்று கேட்பதும் இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் தகவல். உள்ளே இருப்பவருக்கு இதுவே ‘சாப்பிட்டாச்சா?’. ஆட்டிசம் உடையோரிடம், தமக்குப் பிடித்த ஒன்றைப் பகிர்வதே அன்பின் மொழியாக அமைவதைப் பல முறை கண்டிருக்கிறோம்.

இக்கருத்துக்கு ஆய்வுலகிலும் ஆதரவு உண்டு. ஆட்டிசம் உடையவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன் 2012இல் ‘இருவழிப் புரிதற் சிக்கல்’ என்னும் கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உடையோருக்குப் பிறரைப் புரிந்துகொள்வது கடினமாவதுபோல், பிறருக்கும் இவர்களைப் புரிந்துகொள்வது கடினம். குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்பதே அதன் சாரம். 2020இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எட்டு எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லும்படி செய்தனர். ஆட்டிசம் உடையோர் மட்டுமே இருந்த வரிசையில் கதையின் விவரங்கள், ஆட்டிசம் இல்லாதோர் வரிசையில் போலவே கடந்து சென்றன. இருசாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தன. 2025இல் முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வில், கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. இரண்டு ஆய்வுகளிலும் மாறாத முடிவு ஒன்று: ஆட்டிசம் உடையோர் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதில் பிறருக்குக் குறைந்தவர்கள் அல்லர்.

நாங்கள் செய்த தவறு

இவற்றையெல்லாம் படித்தறிந்த நாங்களே, அன்று அந்த அம்மையாரின் கண்ணீரைக் கண்டு, கைபேசியை மாலையில் அரை மணி நேரம் மட்டும் கொடுக்குமாறு அறிவுரை எழுதினோம். அது யாருடைய வாழ்க்கை என்று அவரிடமே கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் இருவரும் திரும்பி வந்தனர். அவர் ஒரு வேளை மட்டுமே உண்டார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் நடந்தார். மழை பெய்த நாளிலும் மாடிக்குப் போகவில்லை. வீட்டில் பேச்சு கூடும் என்று எதிர்பார்த்த மனைவிக்கு முன்பிருந்த பத்துச் சொற்களும் இல்லாமற் போயின. காரணம் கேட்டோம், பதில் இல்லை. தாளும் பேனாவும் கொடுத்தோம். “எட்டரை மணிக்கு எனக்கு ஓர் இடம் இருந்தது. இப்போது இல்லை” என்று எழுதினார்.

ஓய்வு பெறுதல் எல்லாருக்குமே ஓர் இழப்பு. ஆட்டிசம் உடையோருக்கு அது நாளின் சட்டகத்தையே உடைத்துவிடுகிறது. தம்மை விளங்கிக்கொண்ட பெற்றோர் மறைந்திருப்பார்கள்; பழகிய அலுவலக மேசை இல்லை. ஆட்டிசம் உடைய பெரியவர்களிடையே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் பொதுமக்களைவிட அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நிலையில் எஞ்சியிருந்த ஒரே பிடிமானத்தை நாங்கள் பறித்துவிட்டிருந்தோம். அவரிடமும் மனைவியிடமும் பிழையை ஒப்புக்கொண்டு அறிவுரையை மாற்றி எழுதினோம்.

ஏழு மாதங்களுக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். மழையில்லாத நாளில் “0.0” என்று எழுதும் அவர், மூன்று நாட்கள் “மழை இல்லை” என்று மட்டும் எழுதினார். அந்த மாற்றத்தை முதலில் கவனித்தவர் ஆசிரியை. “உடம்பு எப்படி?” என்று அவர் கேட்கவில்லை, அக்கேள்விக்கு ஆட்டிசம் உடைய பலரால் விடை சொல்ல இயலாது. உடலுக்குள் எழும் வலி, பசி, சோர்வு ஆகியவற்றை இனம்பிரித்துச் சொல்வது அவர்களுக்குக் கடினம். ஆசிரியை கேட்டவை வேறு: “எந்த இடத்தில் வேறுபாடு? நடக்கும்போதா, உட்காரும்போதா? எத்தனை நாளாக? பத்தில் எத்தனை?” அவர் விடையளித்தார்: இடது தோளும் நெஞ்சும், மாடிப்படி ஏறும்போது, மூன்று நாள், ஆறு. “இந்த வரிகளை உங்கள் மனைவியிடம் இப்போதே காட்டுங்கள்” என்று ஆசிரியை எழுதினார். அன்று பகலிலேயே அவர் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். இதயக் குழாயில் அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. முகம் காணாத ஒருவர் கேட்ட நான்கு கேள்விகளை, அதன்பின் எங்கள் துறையில் ஆட்டிசம் உடைய எல்லாரிடமும் கேட்கிறோம்.

குடும்பத்தார் செய்யக் கூடியவை

1. கைபேசியைப் பறிக்க வேண்டாம். நேரத்தை மாற்ற வேண்டுமானால் அவரோடு கலந்து, முன்கூட்டியே சொல்லி, எழுதிவைத்து மாற்றுங்கள்.

2. உரையாடல் நேரத்தை நாளின் ஒழுங்கில் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்நேரத்தில் கடைக்குப் போகச் சொல்வதையோ உறவினரை வரவழைப்பதையோ தவிர்த்தால், மற்ற நேரத்தில் அவர் உங்களோடு இருப்பது எளிதாகும்.

3. வீட்டிற்குள்ளும் எழுதிப் பாருங்கள். அடுத்த அறையிலிருந்து அப்பாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அவமதிப்பன்று. பேச்சில் கிடைக்காத விடை எழுத்தில் கிடைக்கக்கூடும்.

4. ஒளிவு மறைவாக அவருடைய கைபேசியைப் படிக்க வேண்டாம். “உங்கள் நண்பர்கள் யார் யார்?” என்று நேராகக் கேளுங்கள், பெரும்பாலும் நேரான விடையே வரும்.

5. இணையவழி நண்பர் ஒருவர் இறந்தால் அதுவும் துக்கமே. ‘நேரில் பார்த்ததுகூட இல்லையே’ என்று சொல்லிவிட வேண்டாம். அவருக்கு வேண்டிய நாட்களைக் கொடுங்கள். அழவில்லை என்பதால் வருந்தவில்லை என்று பொருளாகாது.

எழுதவோ படிக்கவோ இயலாதவர்களும் விலக்கல்லர். படங்கள், குரற்பதிவு, ஒரே ஒரு கைகூப்பும் சின்னம் ஆகியவற்றாலும் நட்பு நடக்கும். கூடுதல் உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பவர் அருகிலிருந்து துணைசெய்யலாம்.

எங்கே விழிப்பு வேண்டும்?

பணம்: சொன்னதைச் சொன்னபடியே நம்பும் நேர்மை இவர்களது பண்பு, ஏமாற்றுவோர் தேடுவதும் அதையே. காவல் அதிகாரி போல் வீடியோ அழைப்பில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. “பணம், ஓடிபி, ஆதார் எண் – இவற்றில் எதைக் கேட்டாலும் பதில் எழுதுவதில்லை, வீட்டில் காட்டுவேன்” என்று ஓர் அட்டையில் எழுதிக் கைபேசி வைக்குமிடத்தில் ஒட்டுங்கள். தெளிவான விதியை இவர்கள் உறுதியாகக் கடைப்பிடிப்பார்கள். பணம் போய்விட்டால் கண்டிப்பதில் நேரத்தைச் செலவிடாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

உறக்கம்: கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றம் செய்யும் வழக்கத்தை வீட்டிலுள்ள அனைவரும் பின்பற்றுங்கள். அவருக்கு மட்டும் விதித்தால் அது தண்டனையாகிவிடும்.

மருந்து: நண்பரின் சொல் கேட்டு மருந்தளவை மாற்றக் கூடாது. அறிகுறியைப் பகிரலாம், சிகிச்சையை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மனத்தாங்கல்: எழுத்தில் கேலியும் கோபமும் பிரித்தறிய இயலாமற் போகலாம். ‘பதில் வராவிட்டால் வெறுப்பு என்று பொருளன்று’ என்பதைக் குழுவினரே தமக்குள் பேசிவைத்துக்கொள்வது நலம்.

உணவும் குளியலும் தவறுதல், எப்போதும் விரும்பிய பொருளிலும் ஆர்வம் அறுதல், உறக்கம் முற்றிலும் குலைதல், ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்ற பொருள்படும் சொல் அல்லது எழுத்து – இவற்றில் ஒன்று தோன்றினும் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். இரவாயினும் பகலாயினும் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

நேரில் பழகுவதை விட்டுவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நடை, வெயில், மருத்துவப் பரிசோதனை, குடும்பத்தோடு ஒரு வேளை உணவு ஆகியன எல்லாருக்கும் தேவை. ஆனால் ஒருவருடைய நட்பு நாம் பழகிய வடிவில் இல்லை என்பதற்காக அது நட்பன்று என்று தீர்ப்பளிக்கும் உரிமை மருத்துவருக்கும் இல்லை, உறவினருக்கும் இல்லை.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மையாரிடம், வீட்டில் பேச்சு எப்படி என்று கேட்டோம். “இப்பவும் பத்து வார்த்தைதான், டாக்டர்” என்றார். “ஆனால் காலையில் நானும் மாடிக்குப் போகிறேன். படியேற இவரைத் தனியாக விடப் பயம். இன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பேன். சொல்லிவிட்டு, என்னையும் ஒரு தரம் பார்க்கச் சொல்வார்.”